சதுர அடி நம்பிக்கை என்ன விலை?

தமிழ்நாட்டில் ஒரு டீக்கடை போட வேண்டுமென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்; அந்தச் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டவும் வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவரை முச்சந்திக்கு முச்சந்தி நிறுத்தி லைசென்ஸ் எங்கே, பெர்மிட் எங்கே, எஃப்.சி. எங்கே, இன்சூரன்ஸ் எங்கே என்று கேட்பார்கள். பட்டாசு விற்க உரிமம், மருந்து விற்க உரிமம். ஆனால் உங்கள் தலைக்கு மேல் 29 டன் எடையை ஏற்றி வைத்துவிட்டுப் போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை, எதுவும் கேட்பதில்லை. ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளம் ஒன்றின் எடை ஏறத்தாழ அவ்வளவு. அதன் கீழேதான் பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுக்கப்போகிறீர்கள்.

வீடு கட்டித் தரும் காண்ட்ராக்டர் ஆக என்ன தகுதி வேண்டும்? குலதெய்வத்தின் பெயரையோ மூத்த பிள்ளையின் பெயரையோ எழுதி, அதன் வாலில் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்’ என்று ஒட்டத் தெரிந்தால் போதும். ஒரு பிளெக்ஸ், ஒரு கைபேசி எண், யாரோ வெளிநாட்டில் கட்டிய வீட்டின் படம். நேற்றுவரை மனை புரோக்கராக, சீட்டுப் பிடிக்கிறவராக, கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்தவர் இன்று காலை பில்டர் ஆகலாம். சட்டம் குறுக்கே வராது. ‘ஆர்க்கிடெக்ட்’ என்று பலகை மாட்டினால் வரும். அந்தப் பட்டத்தைக் காக்க 1972இலேயே சட்டம் போட்டு ஒரு கவுன்சிலும் வைத்திருக்கிறார்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற என்ஜினியர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அந்தக் கையெழுத்தைத் தனியாக விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது ஊரறிந்த விஷயம். காகிதத்தில் கோடு போட ஆயிரம் தகுதி கேட்கிற நாடு, மண்ணைத் தோண்டிக் கம்பி நடுகிறவரிடம் ஒன்றுமே கேட்பதில்லை.

அரசாங்கம் அறியாப்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். காண்ட்ராக்டரை எப்படித் தேர்வு செய்ய வேண்டும் என்று அதற்கு நன்றாகவே தெரியும். தன் கட்டடம் என்றால் பொதுப்பணித் துறையில் பதிவு செய்த ஒப்பந்ததாரர்தான் வர வேண்டும். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று வகை பிரித்து வைத்திருக்கிறது. முன்வைப்புத் தொகை கட்டு, சால்வன்சி சர்டிபிகேட் கொண்டு வா, செய்த வேலைக்குத்தான் பில், அதிலும் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வேன், குறை வந்தால் அதிலிருந்து சரிசெய்வேன் என்கிறது. இவ்வளவு செய்தும் 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பில் அரசு கட்டிய கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு உதிர்ந்தது. ஐஐடி நிபுணர்கள் வந்து ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. இத்தனை கவசம் போட்ட அரசுக்கே இந்தக் கதி என்றால், கவசம் எதுவும் இல்லாத குடிமகனுக்கு அரசு சொல்லும் யோசனை என்ன? ‘தெரிஞ்சவங்களாப் பார்த்துக் குடுங்க.’

பார்த்துத்தான் கொடுக்கிறோம். முதலில் ‘நம்ம ஆளா’ என்று பார்க்கிறோம். நம்ம சாதிக்காரர் கலவையில் சிமெண்டைக் குறைக்கமாட்டார் என்பது நம்முடைய பொறியியல் கொள்கை. பிறகு நெற்றியைப் பார்க்கிறோம், வெள்ளைச் சட்டையைப் பார்க்கிறோம், வந்திறங்கிய வண்டியைப் பார்க்கிறோம். அந்த வண்டிக்கு மாதத் தவணை கட்டப்போவது நாம்தான் என்று ஏனோ தோன்றுவதில்லை. வாஸ்து பார்க்கிறவரை மூன்று முறை வீட்டுக்கு அழைத்து, கழிவறையை வடகிழக்கிலிருந்து வடமேற்குக்கு நகர்த்தி, தட்டில் வெற்றிலை பாக்கோடு பணம் வைத்துக் கொடுக்கிறோம். மண் பரிசோதனை என்று சொல்லிப் பாருங்கள். ‘அதெல்லாம் அபார்ட்மெண்டுக்குத்தானே?’ என்பார் வீட்டுக்காரர். ஏரியைத் தூர்த்துப் போட்ட மனையில் நின்றுகொண்டு.

கட்டிய வீட்டைக் காட்டச் சொன்னால் போன மாதம் கிரகப்பிரவேசம் நடந்த வீட்டுக்கு அழைத்துப் போவார். பெயிண்ட் வாசனை போகாத வீடு எல்லாமே அரண்மனைதான். பார்க்க வேண்டியது நாலைந்து ஐப்பசி மழை கண்ட வீடு. கழிவறையின் பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா, சன்ஷேடின் அடியில் துருக்கறை வழிகிறதா, மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா என்று அங்கேதான் தெரியும். அந்த வீட்டின் விலாசத்தை மட்டும் அவருக்கு எப்போதும் மறந்துபோய்விடும்.

அடுத்து ரேட். ‘சதுர அடி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.’ செருப்புக்கடையில் பார்த்துப் பழகிய விலை. செருப்புக்காவது இரண்டு காலுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். இங்கே சம்ப் தனி, செப்டிக் டேங்க் தனி, காம்பவுண்டுச் சுவர் தனி, கேட் தனி, போர் தனி, கட்டுமானத்துக்கு வாங்கும் தற்காலிகக் கரண்ட் இணைப்பு தனி, மண் நிரப்புவது தனி, மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம் தனி. கக்கூஸ் குழாய் வீட்டுக்குள் இருக்கும்வரை பேக்கேஜில் சேரும். சுவரைத் தாண்டி ஓரடி வெளியே வந்துவிட்டால் எக்ஸ்ட்ரா. அளவெடுக்கும் நாளில் நடக்கும் தத்துவ விசாரத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

“சன்ஷேடையும் ஏரியாவுல சேத்திருக்கீங்களே?”

“மழையும் வெயிலும் அதுமேலதான சார் விழுது? அதுவும் கட்டடம்தான சார்.”

“சரி, அப்போ மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்?”

“அது எக்ஸ்ட்ரா சார்.”

“ஏங்க, அதுவும் கட்டடம்தானே?”

“கட்டடம்தான் சார். ஏரியா இல்லையே!”

சங்கரரோடு வாதம் செய்தவர்கள் இவரிடம் வந்திருந்தால் முதல் நாளே மடத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கம். ‘முதல்தர மெட்டீரியல்’, ‘பிராண்டட் கம்பி’, ‘நல்ல டைல்ஸ்’. எந்தத் தரம், என்ன எண், சதுர அடி எத்தனை ரூபாய் டைல்ஸ் என்று கேட்டால், ‘நம்பிக்கை இல்லாம எப்படி சார் வேலை செய்யிறது?’ என்று முகம் வாடும். இந்தத் தொழிலில் காண்ட்ராக்டருக்கு இருக்கும் மிகப் பெரிய முதலீடு அந்த வாடிய முகம். நம் ஆட்களுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. உடனே பேனாவை மூடிவிடுவார்கள். 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று, 12 மீட்டர் நீளத்துக்கு, 10.65 கிலோ எடை வர வேண்டும். ஐந்து சதவீதம் முன்பின்னாக இருக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயமே சலுகையும் கொடுக்கிறது. பழைய இரும்புக் கடைத் தராசில் ஒரு கம்பியை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். ஐம்பது லட்சம் கொடுக்கிறவர் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கமாட்டார். கீரைக்கட்டை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்.

தளம் போடும் நாளுக்கு வாருங்கள். வீட்டுக்காரருக்கு அது திருவிழா. காலையில் கற்பூரம், எலுமிச்சம்பழம், மிக்சர் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு. டிரம்மிலிருந்து பிளாஸ்டிக் குடத்தால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருப்பார் ஒரு பெண். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சிப்போனால் 27. மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. மேலேயிருந்து மேஸ்திரியின் குரல் வரும்: “தண்ணிய வுடும்மா! கெட்டியா வருது, ஓட மாட்டேங்குது!” அவர் இன்னொரு குடம் ஊற்றுவார். ஓடுகிற காங்கிரீட் சுமக்கச் சுலபம், பரப்பச் சுலபம், மதியத்துக்குள் முடித்துவிட்டு மிக்சரை அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். ஒரு நாள் வாடகை மிச்சம். அந்தக் கூடுதல் குடம் வெயிலில் ஆவியாகிப்போன பின் தளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். துளை வழியே மழை இறங்கும், கம்பி துருவேறி உப்பும், உப்பிய கம்பி கீழ்ப்பூச்சைத் தள்ளும். எட்டாவது வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டில் காரை விழும்போது, ‘அந்தக் காலத்துக் கட்டடம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுவோம்.

வைப்ரேட்டர் வந்திருக்கும், அதில் பெட்ரோல் இருக்காது. கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் இடையில் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட வைக்க வேண்டிய கவர் பிளாக்குக்குப் பதில் அங்கங்கே ஒரு ஜல்லிக்கல் செருகியிருக்கும். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் இழுவிசையைத் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வெளியே நீண்டு தொங்குகிற பாகம் கீழே மடங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். காலையில் மேலேதான் கட்டியிருப்பார்கள். சட்டி தூக்குகிற நாலு பேர் அதன்மீது நடந்து நடந்து பத்து மணிக்குள் அது அடியில் போய்ப் படுத்திருக்கும். என்ஜினியர் பதினோரு மணிக்கு வருவார். மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்வார், ‘சூப்பராப் போகுது’ என்பார், போய்விடுவார். அந்தப் படம் மாலையில் ‘மற்றுமொரு கனவு நனவாகிறது’ என்ற வாசகத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரும். வீட்டுக்காரர் எங்கே? பிரியாணிப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

தளத்துக்குத் தண்ணீர் காட்டும் வேலையை எல்லா காண்ட்ராக்டர்களும் பெருந்தன்மையோடு வீட்டுக்காரருக்கே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். இப்போது கடையில் கிடைக்கும் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். நாலாம் நாளே பாத்தி உடைந்து, மேல்மாடிச் செங்கல் வந்து இறங்கியிருக்கும். பின்னால் விரிசல் விட்டால் பதில் தயாராக இருக்கிறது: ‘நீங்க சரியா தண்ணி ஊத்தல சார்.’

பணத்தின் கதைதான் இதில் ரசமானது. பூமி பூஜைக்கு ஒரு தவணை, பேஸ்மெண்டுக்கு ஒன்று, லிண்டலுக்கு ஒன்று, தளத்துக்கு முன்பே தளத்துக்கானது. வேலை எப்போதும் பணத்துக்கு ஒரு படி பின்னால் வரும்படி அட்டவணை போட்டிருப்பார்கள். நீங்கள் பேஸ்மெண்டுக்குக் கொடுத்த பணம் உங்கள் பேஸ்மெண்டுக்குப் போகவில்லை. உங்களுக்கு முன்னால் ஏமாந்தவரின் டைல்ஸுக்குப் போயிருக்கிறது. உங்கள் லிண்டல் எழும்ப வேண்டுமானால் உங்களுக்குப் பின்னால் ஒருவர் வந்து அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். அதனால்தான் ‘நாளைக்கு ஆள் வரும் சார்’. அந்த நாளை என்பது அடுத்த வாடிக்கையாளர் மாட்டும் நாள். சங்கிலியில் கடைசியாக வந்து சேருகிறவருக்கு மூன்று பில்லரும் ஒரு பூசணிக்காயும் மிஞ்சும். இந்தப் பக்கம் அவர் வாடகையும் கட்டுவார், வங்கியிலிருந்து எடுத்த வரைக்கும் வட்டியும் கட்டுவார். வங்கி மதிப்பீட்டாளர் ஏற்கெனவே வந்து, காரை விட்டு இறங்காமலே ஒரு படம் எடுத்து, ‘எழுபது சதவீதம் முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

காண்ட்ராக்டர் போனை எடுக்கமாட்டார். எடுத்தால் மாமியார் ஆஸ்பத்திரியில் இருப்பார். அவர் ஆஸ்பத்திரியில் இல்லாத நாளில் லேபர் ஊருக்குப் போயிருக்கும்: பொங்கல், ஆடி, தீபாவளி, தேர்தல், பிகாரில் சத் பூஜை. ‘இந்த வடக்கத்திக்காரனுங்கள நம்பவே முடியாது சார்.’ மூன்று வாரக் கூலியைத் தராமல் வைத்திருந்தால் வடக்கத்திக்காரர் மட்டுமில்லை, வாடிப்பட்டிக்காரரும் போய்விடுவார் என்பதை அவர் சொல்லமாட்டார். பிளான் அனுமதி வாங்கும்போதே கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கென்று உங்களிடம் வாங்கிவிட்டார்கள். தளத்துக்குத் தண்ணீர் ஊற்றிய அந்தப் பெண் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா, சாரத்திலிருந்து விழுந்தால் அவர் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வார் என்று காண்ட்ராக்டர் கேட்டதில்லை. நாமும்தான் கேட்டதில்லை.

சரி, சட்டம் இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. 2016இல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கட்டி விற்கிறவர், வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை கண்டால் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று அதில் அழகாக எழுதியிருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் மனைக்கும் எட்டு வீட்டுக்குள் அடங்கும் கட்டடத்துக்கும் பதிவே தேவையில்லை. சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டுகிறவர் அந்தச் சட்டத்தின் வாசலுக்கே வர முடியாது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கும் விலக்கு. அதாவது இந்த நாட்டின் நடுத்தரக் குடும்பம் எப்படியெல்லாம் வீடு கட்டுமோ அதையெல்லாம் கவனமாகப் பொறுக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிந்தவரை தீர்த்துவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ‘முடிந்தவரை’யில்தான் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாய்தா, எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி வரும்: பில் இருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை? ‘பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஆகும், நமக்குள்ள எதுக்கு சார்’ என்று அவர் சொன்னபோது நமக்கு இனித்தது. பாதிப் பணத்தை ரொக்கமாகவே கொடுத்தோம். வரியை மிச்சப்படுத்தினோம் என்று மகிழ்ந்தோம். மிச்சமானது அவருக்கு எதிரான சாட்சி. அவர் நம்மை ஏமாற்றும் முன்னால் நாம் இருவரும் கூட்டுச் சேர்ந்து அரசை ஏமாற்றியிருக்கிறோம். அந்தக் கூட்டாளியைப் பற்றி அதே அரசிடம் எந்த முகத்தோடு போய்ப் புகார் எழுதுவது?

மாநகராட்சி, பேரூராட்சி? 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் சுயசான்று போதும். இணையத்தில் விண்ணப்பித்தால் உடனே அனுமதி. முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை, கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றிதழும் வேண்டியதில்லை. மேசை மேசையாக அலைந்து கவர் கொடுத்துக்கொண்டிருந்த மக்களுக்கு இது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பெல்லாம் லஞ்சம் வாங்கவாவது ஒருவர் மனைக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவரும் இல்லை. அவர் வந்தாலும் பார்த்தது பக்கவாட்டில் விட்ட இடத்தைத்தான். பில்லருக்குள் எத்தனை கம்பி என்று எந்தக் காலத்தில் எந்த அதிகாரி எண்ணினார்? 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் சரிந்த 11 மாடிக் கட்டடம் அனுமதி வாங்கிய கட்டடம்தான். 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளிகள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று அரசே வெடி வைத்துத் தகர்த்தது. தொலைக்காட்சிகள் நேரலை செய்தன. நாம் பட்டாசு பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அடுத்த நாள் காலை கொத்தனாரிடம் தளத்துக்கு ஒரு மூட்டை சிமெண்ட் குறைத்தால் என்ன ஆகும் என்று விசாரிக்கப் போனோம்.

புதிதாகக் கட்டுகிறவர் கதையாவது ஒரு சுற்று. பழைய வீட்டை ‘ஆல்டர்’ செய்கிறவர் கதையில் உயிரோடு விளையாட்டு. எந்தத் தெருவிலும் மொட்டை மாடியைப் பாருங்கள். பின்னால் மாடி எடுக்கலாம் என்று பில்லர் தலையில் நீட்டி விட்ட கம்பிகள் பதினைந்து வருஷமாக மழையில் நின்று செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருக்கும். துணிக்கொடி கட்ட மட்டுமே பயன்பட்டிருக்கும். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அதே கம்பியின் தலையில் புதுக் கம்பியை வைத்துக் கட்டி, இரண்டாவது மாடி எழும்பும். அடியில் அஸ்திவாரம் எத்தனை அடி, எத்தனை மாடிக்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. போட்ட மேஸ்திரி காலமாகிவிட்டார், வரைபடத்தைக் கரையான் தின்றுவிட்டது. ‘கட்டடம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு சார்’ என்று சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிச் சொல்வார் காண்ட்ராக்டர். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டடத்தின் வலிமையைச் சோதிக்க நாம் நம்பியிருப்பது அந்த உள்ளங்கையை.

கீழே மருமகளுக்கு ஓப்பன் கிச்சன் வேண்டும். குறுக்கே நிற்கும் ஒன்பது அங்குலச் சுவர் சும்மா நிற்கிறதா, மேல்தளத்தைத் தாங்கி நிற்கிறதா என்ற கேள்வியைச் சுத்தியலால் கேட்பார்கள். பதில் சில நேரம் உடனே வரும். சில நேரம் ஆள் குடிபோன பிறகு.

இத்தனைக்கும் பிறகு நமக்கு ஆறுதல் சொல்ல ஒரு பழமொழி இருக்கிறது. வீட்டைக் கட்டிப் பாராம், கல்யாணத்தைப் பண்ணிப் பாராம். வக்கீல்கள் காப்பாற்றிய காண்ட்ராக்டர்களைவிட இந்தப் பழமொழி காப்பாற்றியவர்கள் அதிகம். திருட்டை விதியாக்கி, கொடுத்த பணத்தை அனுபவமாக்கி, ‘எல்லாருக்கும் நடக்கிறதுதான்’ என்று காபி கொடுத்து அனுப்பிவிடுகிறது. போதாக்குறைக்கு, கிரகப்பிரவேசத்தன்று பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாத வீட்டில், அந்த மனிதருக்கே பொன்னாடை போர்த்தி, மோதிரம் போட்டு, சொந்தபந்தத்துக்கு அறிமுகம் செய்துவைக்கிறோம். அங்கேயே அவருக்கு இரண்டு பேர் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். ஏமாந்தேன் என்று சொன்னால் கௌரவம் போய்விடுமே! எழுபது லட்சம் போனால் போகிறது; கௌரவம் போகலாமா?

நல்ல காண்ட்ராக்டர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களுடைய ரேட் சதுர அடிக்கு முந்நூறு, நானூறு கூட இருக்கும். நீளமாக ஒரு பட்டியல் கொடுப்பார்கள்; எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று அதில் எழுதியிருக்கும். ஸ்ட்ரக்சுரல் டிராயிங் இல்லாமல் கடைக்கால் தோண்டமாட்டேன் என்பார்கள். அதைக் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? ‘ரொம்ப ரூல்ஸ் பேசுறான்’ என்று சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலை எடுத்துப் போய் பிளெக்ஸ்காரரிடம் காட்டி, ‘இதையே உங்க ரேட்டுக்குப் பண்ணிக் குடுங்க’ என்று கேட்கிறோம். அவரும் சரி என்கிறார். எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்பவர் அவர்தான். கொத்தனாரின் கூலியிலும் சித்தாளின் டீயிலும் கணக்குப் பார்த்துவிட்டு, முன்பக்க எலிவேஷனுக்கும் எல்இடி பட்டைக்கும் அள்ளிக் கொடுக்கிற நம்மை வைத்துத்தான் இந்தத் தொழில் நடக்கிறது. திருடனுக்கு வாசல் திறந்துவிட்டது மட்டுமில்லை, கோலமும் போட்டு வைத்திருக்கிறோம்.

ஆகவே அட்வான்ஸ் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கும் அன்பரே, ஒரு நிமிடம். சிமெண்ட், கம்பி, ஒயர், குழாய் ஒவ்வொன்றுக்கும் பெயரும் தரமும் எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எது ஏரியா, எது எக்ஸ்ட்ரா என்பதைக் கடைக்கால் தோண்டும் முன் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்தபின் அந்த வேலைக்குப் பணம், வங்கி வழியாக, பில்லோடு. கடைசிப் பத்து சதவீதம் ஒரு ஐப்பசி மழை பெய்து முடியும்வரை உங்களிடமே இருக்கட்டும். தளம் போடும் நாளில் பிரியாணியை வேறு யாராவது எண்ணட்டும். நீங்கள் தண்ணீர் டிரம் பக்கத்தில் நில்லுங்கள். அன்றைய கலவையில் ஆறு அங்குலக் கட்டிகள் மூன்று வார்த்து, 28 நாள் கழித்துப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் அவர் முகம் வாடினால், வாடட்டும். கோபித்துக்கொண்டு போனால், போகட்டும். அட்வான்ஸ் இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தண்ணீர், சாலையோடு இதையும் கேளுங்கள்: உன் அரசு தன் கட்டடத்துக்குக் கேட்கும் பதிவையும் பிணைத்தொகையையும் என் வீட்டைக் கட்டுகிறவரிடமும் ஏன் கேட்பதில்லை? ஐந்து வருடப் பொறுப்பு எட்டு வீட்டுக்கு மேல் கட்டுகிறவருக்கு மட்டும்தானா? பதில் சொல்லத் தெரியாவிட்டால் அவரையும் தெரிந்தவர்களாகப் பார்த்து ஓட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.